லேட்டாக வந்த மகன்!

ராத்திரி. வீட்டில் எல்லோரும் தூங்கியாகிவிட்டது. பையன் மட்டும் முழித்துக்கொண்டிருக்கிறான். எதிரே ஒரு தாள், ஒரு பேனா, கொஞ்சம் மை. பக்கத்தில் அச்சில் வந்த ஒரு படம். இயேசுவின் சீடர்களில் ஒருவரான புனித யாக்கோபின் தலை. அதைப் பார்த்துப் பார்த்து, தாடியையும் தலைமுடியையும் ஒவ்வொரு கோடாக இழுத்துக்கொண்டிருக்கிறான்.

எதற்கு இந்தத் திருட்டுத்தனம்? அப்பாவுக்குப் படம் போடுவது பிடிக்காது. பிடிக்காது என்றால் சும்மா முகம் சுளிப்பது அல்ல. பென்சிலும் கையுமாக மாட்டினால் தண்டனை. அப்பா கூரை வேலை மேஸ்திரி. பையன் கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிற பெரிய ஆளாக வரவேண்டும் என்று கனவு. மூக்கும் முழியும் வரைந்தால் சோறு கிடைக்குமா? (அப்பாக்களுக்கு மட்டும் உலகம் முழுக்க ஒரே ஸிலபஸ்!)

அப்பாவின் திருநாள் வந்தது. நம் பெயருக்கு உரிய புனிதரின் நாளை அங்கே பிறந்தநாள் மாதிரிக் கொண்டாடுவார்கள். பையன் தயங்கித் தயங்கித் தாளை நீட்டினான். அப்பா வாங்கிப் பார்த்தார். கடையில் காசு கொடுத்து வாங்கிய அச்சுப் படம் என்றே நினைத்துவிட்டார்.

"இல்லப்பா... நான் போட்டது."

இப்படித்தான் சொல்லியிருப்பான். அப்பா என்ன பதில் சொன்னாரோ! செய்தது மட்டும் தெரியும். மகனை லியோன் நகரத்துக்கு, கிராந்தோன் என்ற ஓவியரிடம் தொழில் கற்க அனுப்பி வைத்தார். ஒரு மைப் படம் ஒரு அப்பாவின் பிடிவாதத்தை உடைத்துவிட்டது!

பையன் பெயர் ழான் பாப்டிஸ்ட் க்ரூஸ். பிரான்ஸ் நாட்டில் தூர்னூ என்ற சின்ன ஊரில் 1725-ல் பிறந்தவர். (அந்த 'க்ரூஸ்'-ஐ பிரெஞ்சுக்காரர்கள் உதட்டைக் குவித்து வேறு மாதிரி உச்சரிப்பார்கள். நம் உதட்டுக்கு இது போதும்.) யாக்கோபின் தலை கதை, அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்வது. கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கலாம். ஆனால் மசாலா சேராத இன்னும் இரண்டு மைப் படங்கள் இருக்கின்றன. நாற்பது வயதில் க்ரூஸ் வரைந்தவை. அவற்றிலும் ஒரு அப்பா, ஒரு மகன். அங்கே யாரும் சமாதானம் ஆகவில்லை.

கூட்டத்தில் இரண்டு தாள்

லியோனில் கற்றுக்கொண்டு பாரீஸ் வந்த க்ரூஸுக்கு 1755-ல் அதிர்ஷ்டக் காற்று அடித்தது. அந்த வருஷம் அவர் காட்சிக்கு வைத்த ஒரு ஓவியம் ஊரையே பேசவைத்தது. ராஜா இல்லை, ராணி இல்லை, ரோமாபுரி வீரன் இல்லை. கிராமத்து வீட்டில் ஒரு அப்பா பைபிள் படிக்கிறார். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து கேட்கிறார்கள். அவ்வளவுதான்! சாதாரண ஜனங்களின் வீட்டுக் கூடத்துக்குள்ளேயே இவ்வளவு நாடகம் இருக்கிறதா என்று பாரீஸ்காரர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள்.

அன்றைய பாரீஸில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லூவ்ர் அரண்மனையில் ஓவியக் கண்காட்சி நடக்கும். பெயர் சலோன். ராஜாங்க ஓவியக் கழகத்து ஆட்கள் மட்டும்தான் படம் வைக்கலாம். ஆனால் பார்க்க யார் வேண்டுமானாலும் வரலாம். டிக்கெட் கிடையாது. அதனால் பிரபுவும் வருவார், பிரபுவின் வண்டிக்காரரும் வருவார். சுவரில் ஒரு ஜாண் இடம் விடாமல், தரையிலிருந்து கூரை வரை படங்கள் நெருக்கியடித்துக்கொண்டு தொங்கும்.

1765-ம் வருஷத்து சலோனில், அந்த நெரிசலுக்கு நடுவே, க்ரூஸ் வைத்த படங்களோடு இரண்டு தாள்களும் இருந்தன. எண்ணெய் வண்ணம் இல்லை. சிவப்பு, நீலம், தங்கம் எதுவும் இல்லை. வெறும் மை. ஒன்றின் பெயர் 'நன்றிகெட்ட மகன்'. இன்னொன்று 'தண்டிக்கப்பட்ட மகன்'. பின்னால் வரையப்போகும் பெரிய ஓவியங்களுக்கு இவை முன்னோட்டம்.

மைப் படம் என்றால் ஏதோ பேனாக் கிறுக்கல் என்று நினைக்கவேண்டாம். இதற்கு ஒரு தனி முறை உண்டு. முதலில் லேசாக ஒரு கோட்டு உருவம். அப்புறம் மையைத் தண்ணீரில் கரைத்துத் தூரிகையால் தடவுவார்கள். தண்ணீர் அதிகம் என்றால் இளஞ்சாம்பல். தண்ணீர் குறைவு என்றால் கருக்கல். காய்ந்த பிறகு மேலே இன்னொரு தடவல், இன்னும் கொஞ்சம் இருட்டு. பிரெஞ்சில் இதற்கு 'லாவி' என்று பெயர். கழுவுவது என்ற சொல்லிலிருந்து வந்தது. (நாம் இந்தியன் இங்க் என்று சொல்கிற கறுப்பு மையை பிரெஞ்சுக்காரர்கள் 'சீன மை' என்கிறார்கள். சீனாக்காரர் என்ன சொல்கிறாரோ!)

இதில் வெள்ளை மை கிடையாது. வெளிச்சம் எல்லாம் தாளின் வெறும் வெள்ளைதான். எந்த இடத்தில் வெளிச்சம் வரவேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்து, அங்கே தூரிகை படாமல் காப்பாற்றவேண்டும். மை பட்டுவிட்டால் பட்டதுதான். எண்ணெய் ஓவியத்தில் தப்புப் பண்ணினால் மேலே இன்னொரு பூச்சுப் பூசி மறைத்துவிடலாம். இங்கே அந்த சௌகரியம் இல்லை.

வாயிலிருந்து வந்த வார்த்தை மாதிரி.

பைபிளில் இருந்த கதை

படத்துக்குள் போவதற்கு முன்னால், அதற்குப் பின்னால் நிற்கிற கதையைச் சொல்லிவிடவேண்டும். லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் 15-ம் அதிகாரம். இயேசு சொன்ன 'ஊதாரி மகன்' உவமை.

ஒருவருக்கு இரண்டு பிள்ளைகள். இளையவன் அப்பா உயிரோடு இருக்கும்போதே 'என் பங்கைப் பிரித்துக் கொடு' என்று வாங்கிக்கொண்டு தூரதேசம் போகிறான். ஜல்சா பண்ணித் தீர்க்கிறான். அந்த ஊரில் பஞ்சம் வருகிறது. பன்றி மேய்க்கிற வேலைக்குப் போய், பன்றி தின்கிற தவிட்டைத் தின்றாவது வயிற்றை நிரப்பலாமா என்று பார்க்கிற நிலைமை. அப்போதுதான் புத்தி வருகிறது. அப்பாவிடம் போய் என்ன பேசவேண்டும் என்று மனசுக்குள் வசனம் தயார் செய்துகொண்டு கிளம்புகிறான். பாவம் செய்துவிட்டேன், மகன் என்று சொல்ல யோக்கியதை இல்லை, வேலைக்காரனாகவாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று.

அந்த அப்பா அவனைத் தூரத்திலேயே பார்த்துவிடுகிறார். (தினம் அந்தத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தால்தானே தூரத்திலேயே கண்ணில் படும்!) ஓடுகிறார். கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கிறார். பையன் தயார் செய்து வந்த வசனத்தை முழுசாகச் சொல்லி முடிக்கவில்லை. அதற்குள் நல்ல துணி கொண்டுவா, மோதிரம் போடு, செருப்பு மாட்டு, கொழுத்த கன்றை அடித்து விருந்து வை என்று ஆர்டர் பறக்கிறது.

ஐரோப்பாவில் இந்தக் காட்சியை வரையாத ஓவியர் குறைவு. மண்டியிட்ட மகன், அணைக்கிற அப்பா. பார்க்கிறவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள்.

க்ரூஸ் அதே கதையை எடுத்தார். பழைய யூதேயா தேசத்திலிருந்து பிடுங்கி, தன் காலத்து பிரெஞ்சுக் கிராமத்து வீட்டுக்குள் வைத்தார். அப்புறம் அதன் தலையெழுத்தையே மாற்றினார்.

படம் ஒன்று: போகிறான்

ஏழை வீடு. வெளிச்சமே அதிகம் நுழையாத ஒரு அறை. வீட்டுக்கு நம்பிக்கையாக இருந்த மூத்த மகன் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். கையில் காசை வாங்கிக்கொண்டு, இதோ கிளம்புகிறான். வயசான அப்பா நாற்காலியிலிருந்து எழுந்திருக்கத் தவிக்கிறார். கை நீண்டிருக்கிறது. ஆசீர்வாதம் இல்லை, சாபம். மகன் பதிலுக்கு அப்பாவை நோக்கிக் கையை ஓங்குகிறான். அம்மா அவனைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறாள். அவளைக் காலால் தள்ளுகிறான். தம்பி தங்கைகள் அழுகிறார்கள், காலைக் கட்டுகிறார்கள், துணியைப் பிடித்து இழுக்கிறார்கள். ஆள் பிடிக்க வந்த பழைய சிப்பாய், கத்தியை இடுக்கிக்கொண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே நடக்கிறான். இவ்வளவு களேபரத்துக்கும் நடுவே ஒரு நாய் வேறு குலைக்கிறது.

பட்டாளத்தில் சேர்ந்தால் பெருமைதானே, இதற்கு ஏன் சாபம் என்று தோன்றும். அந்தக் காலத்து பிரான்ஸ் வேறு. படைக்கு ஆள் சேர்க்கிறவர்கள் ஊர் ஊராக வருவார்கள். சாராயக் கடையில் உட்காரவைத்து ஊற்றிக் கொடுப்பார்கள். முன்பணத்தைக் கையில் திணிப்பார்கள். காலையில் போதை தெளியும்போது பையன் ராஜாவின் சொத்து. வருஷக்கணக்கில் திரும்ப முடியாது. கிராமத்துக் குடியானவனுக்குப் பென்ஷன் கிடையாது, ப்ராவிடண்ட் ஃபண்ட் கிடையாது. வயசான காலத்தில் மூத்த மகன்தான் பென்ஷன், அவன் தோள்தான் ஊன்றுகோல். அவன் போனால் வீட்டுக்குள் அடுப்பு எரியாது. பைபிள் பையன் கொண்டுபோனது அப்பாவின் சொத்தில் ஒரு பங்கு. இவன் கொண்டுபோவது முழுச் சொத்தையும்.

அதனால்தான் உவமையில் வருகிற இளையவனை க்ரூஸ் மூத்தவனாக மாற்றினார்.

படம் இரண்டு: வருகிறான்

காலம் ஓடிவிட்டது. அதே குடும்பம். கட்டிலில் அப்பா. கொஞ்சம் முன்னால்தான் மூச்சு அடங்கியிருக்கிறது. சுற்றிலும் பிள்ளைகள் கதறுகிறார்கள். பக்கத்தில் ஒரு பழைய வைக்கோல் நாற்காலி. அதன்மேல் மந்திரித்த மெழுகுவர்த்தி எரிகிறது. புனித நீர் வைத்த செப்புப் பாத்திரம். துக்க வீட்டுச் சாமான்கள்.

வாசலில் மகன் வந்து நிற்கிறான். 1765-ல் இந்தப் படத்தைப் பார்த்து ஒருவர் எழுதிவைத்த விவரத்தின்படி, அம்மாவை உதைத்துத் தள்ளிய அந்தக் கால் இப்போது இல்லை. அப்பாவுக்கு எதிராக ஓங்கிய அந்தக் கை செயலற்றுக் கிடக்கிறது.

அவனை வரவேற்கிறவள் அம்மா. அவள் வாயைத் திறக்கவில்லை. கையை மட்டும் கட்டில் பக்கம் நீட்டுகிறாள். பார், உன் அப்பாவை எந்த நிலைமைக்குக் கொண்டுவந்திருக்கிறாய் என்று அந்தக் கை சொல்கிறது.

லூக்கா சொன்ன கதையில் அம்மா என்ற பாத்திரமே கிடையாது. தேடிப் பாருங்கள், ஒரு வரிகூட இல்லை. க்ரூஸின் இரண்டு படங்களிலும் அம்மா இருக்கிறாள். முதல் படத்தில் மகனைத் தடுக்கிறவளும் அவள்தான், இரண்டாவதில் எதிர்கொள்கிறவளும் அவள்தான். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் சண்டை வந்தால் நடுவில் மாட்டிக்கொள்கிறவர் யார் என்பது கூரை மேஸ்திரி மகனுக்குத் தெரியாதா என்ன!

லூக்காவில் ஓடிவந்தது அப்பா. இங்கே ஓடிவர ஆள் இல்லை. அங்கே மகன் தயார் செய்த வசனம் பாதியில் நின்றது. அப்பா குறுக்கிட்டு அணைத்துக்கொண்டதால். இங்கேயும் வசனம் நிற்கிறது. கேட்க ஆள் இல்லாததால். இவனும் வழியெல்லாம் ஏதோ ஒன்றைத் தயார் செய்துகொண்டுதான் நொண்டி நொண்டி வந்திருப்பான்.

அந்த அப்பா மன்னித்திருப்பாரா? தெரியாது. க்ரூஸ் அதைச் சொல்லவில்லை. வாபஸ் வாங்கப்படாத ஒரு சாபமும், கேட்கப்படாத ஒரு மன்னிப்பும் எதிரெதிராக நிற்கின்றன. அத்தோடு படம் முடிகிறது.

கையெழுத்துப் பத்திரிகைக்காரர்

இரண்டாவது படத்தின் விவரத்தை எழுதிவைத்த அந்த ஒருவர் யார்? தீதரோ. பிரான்ஸின் புகழ்பெற்ற கலைக்களஞ்சியத்தை உருவாக்கிய அதே தீதரோதான்.

அவர் சலோன் கண்காட்சிகளைப் பற்றி விலாவாரியாக விமரிசனம் எழுதுவார். அது கடையில் விற்கிற பத்திரிகையில் வராது. நண்பர் கிரிம் நடத்திய கையெழுத்துப் பத்திரிகையில் வரும். நிஜமாகவே கையெழுத்து! தணிக்கை அதிகாரிகள் கண்ணில் படாமல் இருக்க, பிரதி எடுத்து, வெளிநாட்டு ராஜாக்கள், ராணிகள் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சந்தாதாரர்களுக்கு அனுப்புவார்கள். ரஷ்ய மகாராணி காதரீன் அதில் ஒருவர். சர்க்குலேஷன் ரொம்பக் கம்மி. வாசகர் கடிதம் மட்டும் அரண்மனையிலிருந்து வரும்!

இந்த இரண்டு மைப் படங்களையும் பார்த்துத் தீதரோ உருகிவிட்டார். யார் எங்கே நிற்கிறார்கள், யார் கை எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாக எழுதினார். படத்தைப் பார்க்கமுடியாத தூரத்து ராஜாக்களுக்கு எழுத்திலேயே படம் காட்டவேண்டுமே! அதோடு ஒரு கவலையும் பட்டார். இந்தக் காலத்து ரசனை இருக்கிற லட்சணத்தில், இவை இரண்டும் ஓவியமாகாமலே போகலாம். அப்படியே ஆனாலும், க்ரூஸ் இந்த இரண்டை விற்பதற்குள் பூஷே தன் பொம்மைப் படங்களில் ஐம்பதை விற்றுவிடுவார் என்று அங்கலாய்த்தார். (பூஷே அந்த வருஷம்தான் ராஜாவின் தலைமை ஓவியராகப் பதவி ஏற்றிருந்தார். சந்தாதாரர்கள் தவிர யாரும் படிக்கமாட்டார்கள் என்ற தைரியம்!)

அதே விமரிசனத்தில் தீதரோ இன்னொரு விஷயமும் சொல்கிறார். முன்னோட்டமாகப் போடுகிற படங்களில் இருக்கிற நெருப்பு, முடித்த ஓவியத்தில் பெரும்பாலும் இருப்பதில்லை. அது ஓவியனின் சூடான நேரம் என்பது அவர் கட்சி. ஆபீஸ் கடிதத்தை முதல் தடவை ஆத்திரமாக எழுதுவோமே... அதை நாலு தடவை திருத்தி டைப் அடித்தால் என்ன மிஞ்சும்? 'தங்கள் கனிவான கவனத்திற்கு' மட்டும் மிஞ்சும்!

பதினாலு வருஷ ப்ரொபேஷன்

தீதரோ பயந்தபடியே நடந்தது. மைப் படங்கள் ஓவியமாகப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. நடுவில் க்ரூஸின் வாழ்க்கையில் ஒரு பெரிய அடி.

ராஜாங்க ஓவியக் கழகம் 1755-ல் அவரைத் தற்காலிக உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டிருந்தது. நிரந்தரம் ஆகவேண்டுமானால் ஒரு ஓவியம் வரைந்து சமர்ப்பிக்கவேண்டும். க்ரூஸ் இழுத்தடித்தார். இத்தாலி போனார், வந்தார், ஊர் புகழ்ந்தது, படங்கள் விற்றன. ஓவியம் மட்டும் சமர்ப்பிக்கவில்லை. 1767-ல் கழகம் பொறுமை இழந்தது. அந்த ஓவியம் வரும்வரை சலோனில் உன் படத்துக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டது.

கழகத்தில் கிரேடு உண்டு. பைபிள், புராணம், பழைய சரித்திரம் வரைகிறவர்கள் உச்சாணிக் கிளை. பேராசிரியர் பதவியெல்லாம் அவர்களுக்குத்தான். வீட்டுக் காட்சி, தெருக் காட்சி வரைகிறவர்கள் கீழ்த்தட்டு. அங்கேயே ஆயுசு முழுக்க உட்காரவேண்டியதுதான். க்ரூஸுக்கு மேல் கிரேடு வேண்டும் என்று ஆசை. அதனால் 1769-ல் ஒரு ரோமாபுரிக் காட்சியை வரைந்து எடுத்துக்கொண்டு போனார்.

காட்சி என்ன தெரியுமா? ரோமச் சக்கரவர்த்தி செவரஸ், தன்னைக் கொல்லப் பார்த்த மகன் கரகல்லாவைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கிறார். கட்டிலில் அப்பா, பக்கத்தில் தலைகுனிந்த மகன். மறுபடியும் அதேதான்! உடுப்பை மாற்றினாலும் கூரை மேஸ்திரி மகனை விட்டு அப்பா போகவில்லை.

கழகத்தார் பார்த்தார்கள். உள்ளே கூப்பிட்டு, உறுப்பினர் ஆக்கியாயிற்று என்றார்கள். க்ரூஸ் பூரித்து நிற்கும்போது மீதியைச் சொன்னார்கள். மேல் கிரேடு இல்லை, கீழ் கிரேடுதான். அதுவும் பழைய படங்களின் தகுதிக்காக. இந்தப் படத்தைப் பொறுத்தவரை கண்ணை மூடிக்கொண்டோம். இது கழகத்துக்கும் உங்களுக்கும் பெருமை சேர்ப்பதாக இல்லை!

பதினாலு வருஷ ப்ரொபேஷனுக்கு அப்புறம், எல்லார் முன்னாலும் இப்படி ஒரு ஆர்டர். ப்ரமோஷன் லிஸ்டில் பெயர் இல்லாமல் போன வலி தெரிந்தவர்களுக்கு நான் அதிகம் விளக்கவேண்டாம். க்ரூஸ் கொதித்துப்போனார். அதற்குப் பிறகு 1800 வரை சலோன் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. தன் படங்களைத் தன் கூடத்திலேயே மாட்டினார். பார்க்கவேண்டியவர்கள் அங்கே வந்து பார்த்தார்கள்.

அப்படி அவர் தனியாகக் காட்டியவற்றில்தான் அந்த இரண்டும் இருந்தன. 1777-ல் 'நன்றிகெட்ட மகன்'. 1778-ல் 'தண்டிக்கப்பட்ட மகன்'. இப்போது எண்ணெய் வண்ணத்தில், ஒவ்வொன்றும் ஐந்தடிக்கு மேல் அகலத்தில். கழகம் எந்த வீட்டுக் காட்சியைக் கீழ் கிரேடு என்றதோ, அதே வீட்டுக் காட்சியை சரித்திர ஓவியம் மாதிரிப் பெரிசாக விரித்துக் காட்டிவிட்டார். பதில் கடிதம் எழுதுவதில் இது ஒரு வகை.

இன்று அந்தப் பெரிய ஓவியங்கள் லூவ்ர் மியூசியத்தில் தொங்குகின்றன. உருவங்கள் மேடை நடிகர்கள் மாதிரி நிற்கின்றன. கைகளெல்லாம் கடைசி வரிசைக்கும் தெரியும்படி நீண்டிருக்கின்றன. நாடகத்தனம் என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. மைத் தாள்கள் இரண்டும் வடக்கு பிரான்ஸில், லீல் நகரத்து மியூசியத்தில் இருக்கின்றன. சின்னவை, நிறமற்றவை. ஆனால் தீதரோ சொன்ன அந்த நெருப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால், நான் லீலைத்தான் கை காட்டுவேன்.

க்ரூஸின் கடைசிக் காலம் சோகம். மனைவியோடு ஒத்துப்போகவில்லை, புரட்சி அரசு விவாகரத்துக்குச் சட்டம் கொண்டுவந்ததும், 1793-ல் பிரிந்தார். புரட்சியில் சேமிப்பு கரைந்தது. ரசனையும் மாறிவிட்டது. 1805 மார்ச்சில், ஏறக்குறைய ஏழையாக இறந்துபோனார். அவரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் அவர் மகள்.

இன்னொரு லேட் மகன்

கடைசியாக ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த மைப் படத்தைப் பார்த்துத் தீதரோ ஏன் அவ்வளவு உருகினார்?

தீதரோவின் அப்பா லாங்க்ர் என்ற ஊரில் கத்தி செய்கிற தொழிலாளி. வைத்தியர்கள் அறுவைக்கு வைத்துக்கொள்ளும் கத்திகளுக்குப் பேர் போனவர். மகன் பாரிஸில் படித்துவிட்டு உருப்படியான உத்தியோகம் எதுவும் பார்க்காமல் சுற்றிக்கொண்டிருந்தான். 1743-ல் ஊருக்கு வந்து, வசதி இல்லாத ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ள அனுமதி கேட்டான். அப்பா என்ன செய்தார் தெரியுமா? பிடித்து ஒரு மடத்தில் அடைத்துவிட்டார்! அந்தக் காலத்து பிரான்ஸில் அப்பாக்களுக்கு அந்த அதிகாரம் இருந்தது. முப்பது வயசு ஆகாத மகன் அப்பா சம்மதம் இல்லாமல் கல்யாணம் செய்யமுடியாது. மகன் ராத்திரியில் ஜன்னல் வழியாகக் குதித்துத் தப்பினான். முப்பது முடிந்த அடுத்த மாதம், ரகசியமாக அதே பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான்.

நல்லவேளை, கதை அங்கே நிற்கவில்லை. சில வருஷம் கழித்து அந்த மருமகள் லாங்க்ர் போய் மாமனார் மனசை ஜெயித்தாள். அப்பாவும் மகனும் சமாதானம் ஆனார்கள்.

ஆனால் 1759 ஜூனில் அப்பா இறந்தபோது தீதரோ பாரிஸில் இருந்தார். பக்கத்தில் இல்லை. அம்மா 1748-ல் போனபோதும் இல்லை. அப்பாவின் கடைசி மூச்சையும் பார்க்கவில்லை, அம்மாவின் கடைசி மூச்சையும் பார்க்கவில்லை என்று நண்பர் கிரிமுக்குக் கடிதம் எழுதிப் புலம்பினார். ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

ஆறு வருஷம் கழித்து, சலோன் கூட்டத்தில், ஒரு சின்னத் தாளில், கட்டிலில் கிடக்கிற அப்பாவையும் வாசலில் நிற்கிற மகனையும் அதே தீதரோ பார்க்கிறார். அம்மாவின் கை கட்டிலைக் காட்டுகிறது. எழுதப் பக்கத்துக்கா பஞ்சம்?

அப்பாவோடு சண்டை போட்டுவிட்டு வேலைக்கு வெளியூர் வந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். பேச்சை நிறுத்தி எத்தனை மாதம் ஆயிற்று என்று கணக்கு வைத்திருப்பவர்களும் உண்டு. யார் பக்கம் நியாயம் என்பதில் நான் தலையிடமாட்டேன். க்ரூஸே தலையிடவில்லை. நியாயத்தைப் பேசித் தீர்க்கலாம், அதற்கு இரண்டு பேரும் இருக்கவேண்டும் என்பதை மட்டும்தான் அவர் இரண்டு தாளில், கரைத்த மையில் போட்டுக் காட்டினார்.

ஆபீஸுக்கு லேட்டாகப் போனால் அரை நாள் லீவு போடலாம். பர்மிஷன் எழுதிக் கொடுக்கலாம். மானேஜரிடம் பஸ் கிடைக்கவில்லை என்று ஒரு பொய்கூடச் சொல்லலாம்.

அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் லேட்டாகப் போய் நின்றால், யாரிடம் சொல்வது?